முந்நீரும் மகடூஉவும்

2025 மே 29 அன்று கோவாவின் மர்மகோவா துறைமுகத்துக்குள் 'தாரிணி' என்னும் பாய்மரப் படகு திரும்பி வந்தது. 56 அடி நீளமுள்ள அப்படகில் இருவரே இருந்தனர்: புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. இருவரும் இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, ஆஸ்திரேலியாவின் ஃபிரிமேண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் என்னும் நான்கே இடங்களில் கரை தொட்டு, எட்டு மாதங்களில் 25,000 கடல்மைலுக்கு மேல் பாய் விரித்தே கடந்து உலகைச் சுற்றி வந்தனர்.

அதன்பின் நம் இலக்கிய மேடைகளில் எழுந்த பாராட்டுரைகளில் நம் செவிக்கு எட்டியவற்றைப் பிழிந்து பார்த்தால் எஞ்சுபவை மூன்றே சொற்கள்: வீரம், துணிச்சல், குருதி. எங்கள் திருத்தணியில் நடந்த ஒரு விழாவில் சொற்பொழிவாளர் ஒருவர், கடலை வென்ற சோழரின் குருதி அப்பெண்ணின் நாளங்களில் ஓடுவதால் பேரலைகள் பணிந்தன என்றார். அவையோர் கைதட்டினர். அதே மூச்சில், கடலன்னை தன் மகளிரைக் காத்தாள் என்றும் சொன்னார். அதற்கும் கைதட்டினர். வென்றதும் பணிந்ததும் காத்ததும் ஒரே கடல்தானா என்று வினவ அங்கு ஒருவரும் இலர்.

இப்பாராட்டு அவ்விருவரையும் இழிவுபடுத்துகிறது என்பது நம் கட்சி. குருதியில் வருவது கற்கப்படுவதன்று. கற்கப்படாததற்கு உழைப்பும் இல்லை. ஆனால் நடந்தது என்ன? இப்பயணத்துக்காக அவர்கள் மூன்றாண்டுகள் பயின்றனர். 2022 நவம்பரில் தொடங்கிக் கோவாவிலிருந்து கேப் டவுன் வழியாக ரியோ டி ஜெனிரோ வரை சென்று மீண்ட அறுவர் குழுவில் இருவரும் இடம்பெற்றனர். அதற்குப் பின்னரே இருவராகப் படகைச் செலுத்திப் பழகினர். முதலில் அந்தமானின் போர்ட் பிளேருக்குச் (இன்றைய பெயர் ஸ்ரீவிஜயபுரம்) சென்று மீண்டனர். 2024-இன் தொடக்கத்தில் மொரிசியஸின் போர்ட் லூயிக்குச் சென்று மீண்டனர். அபிலாஷ் டோமி என்னும் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி வழிகாட்டியாக இருந்தார். படகு செலுத்துதல், வானிலை, திசையறிதல், கடலில் உயிர் பிழைக்கும் முறைகள், மருத்துவம் அனைத்தும் பாடத்திட்டத்தில் இருந்தன. உலகப் பயணத்துக்குக் கயிறு அவிழ்க்குமுன்னரே அவர்கள் கடலில் கழித்த தொலைவு 38,000 கடல்மைல். சுற்றிவந்த தொலைவைவிடப் பயின்ற தொலைவு மிகுதி! இந்த ஒரு கணக்கைச் சொல்லியிருந்தாலே அப்பாராட்டுக் கூட்டம் பயனுடையதாகியிருக்கும். அது எந்த மேடையிலும் சொல்லப்படவில்லை.

ஏன் சொல்லப்படவில்லை என்பதற்கு நம் துறையிலேயே விடை இருக்கிறது என்று நாம் ஐயுறுகிறோம். தமிழ் முதுகலை வகுப்பில் தொல்காப்பியப் பொருளதிகாரம் நடத்தாத ஆசிரியர் இலர். அகத்திணையியலில் ஒரு நூற்பா, கடல்வழிப் பிரிவு தலைவியோடு சேர்ந்து நிகழ்வதில்லை என்கிறது. முந்நீர் என்பது கடல். மகடூஉ என்பது பெண். உரைவேறுபாடுகள் உள, அவற்றுள் இங்குப் புக வேண்டியதில்லை. அகப்பாட்டில் பிரிவைப் பாடும் புலவன் தலைவியைக் கலத்தில் ஏற்றிப் பாடுவதில்லை என்பதே அந்நூற்பாவின் பணி. அது புலவனுக்குச் சொன்ன மரபு. துறைமுகக் காவலனுக்கு இட்ட ஆணையன்று. ஆனால் இந்நூற்பா நம் வகுப்பறைகளில் எவ்வாறு நடத்தப்படுகிறது? "பெண்கள் கடலில் செல்லலாகாது என்று தொல்காப்பியர் விலக்கினார்" என்று. மாணவர் அவ்வாறே குறிப்பெடுக்கின்றனர். அவ்வாறே தேர்வில் எழுதுகின்றனர். பின்னர் அவர்களும் ஆசிரியராகின்றனர்.

இதற்குத் துணையாக நெய்தல் திணை வருகிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். தலைவன் கடல்மேல் இருக்கிறான். தலைவி கரையில் இருந்து வருந்துகிறாள். கடல் இடர்மிக்கது, கரை காப்புடையது. ஆணுக்குக் கலம், பெண்ணுக்குக் கண்ணீர். பாட்டில் இது அழகு. பாட்டுக்கு வெளியேயும் இதுவே ஒழுங்கு என்று கொண்டதில்தான் தீங்கு தொடங்குகிறது.

மணிமேகலையை எடுத்துக்கொள்வோம். சாதுவன் கணிகையிடம் பொருளிழந்து, வங்கம் ஏறிச் செல்கிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரமொன்றைப் பற்றி நீந்தி நாகர் வாழும் மலைச்சாரலை அடைகிறான். தன்னைத் தின்ன வந்த நாகரிடம் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான், அதனாலேயே பிழைக்கிறான். இங்குப் புகாரில், உயிர் தப்பி வந்த சிலர் அவன் இறந்தான் என்று சொன்ன மாத்திரத்தில் அவன் மனைவி ஆதிரை ஈமத்தீ மூட்டச் சொல்லி அதில் புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை. வானத்துக் குரல் ஒன்று, அவன் சந்திரதத்தனின் கலத்தில் திரும்புவான் என்று தெரிவிக்கிறது. ஆதிரையின் கற்பை விளக்கப் பேராசிரியர்கள் ஒரு பாடவேளை முழுவதும் எடுத்துக்கொள்கின்றனர். நாம் மாணவரைக் கேட்பது வேறு. கணவனைக் காத்தவை யாவை? மரத்தைப் பற்றும் கை, நீந்தும் உடல், அயல்மொழி அறிவு. மூன்றும் கற்றுக்கொண்டவை. மனைவியைக் காத்தது எது? தெய்வம் மட்டுமே. கடலில் விழுந்தவன் தன் திறத்தால் கரையேறினான். கரையில் இருந்தவளுக்குச் செய்தியும் இல்லை, திறமும் இல்லை, தீயொன்றே இருந்தது. இக்காதையில் உண்மையான ஆபத்தில் இருந்தவர் யார்?

*

சிறு பாய்மரப் படகில் உலகக் கடல்களைச் சுற்றும் வழக்கம் மேலைநாட்டில் பெருகியபோது அதில் மிகுதியும் ஈடுபட்டவர்கள் கணவன் மனைவியர். பணி ஓய்வு பெற்றோ, வீட்டை விற்றோ முப்பது நாற்பது அடிப் படகொன்றில் இருவராகப் புறப்படுவார்கள். நம் வீடுகளின் வேலைப் பங்கீடு அங்கும் கூடவே படகேறியது என்பதே வியப்பு. கணவன் சுக்கானைப் பிடிப்பான், பாயைக் குறைப்பான், வானொலியில் பேசுவான், இயந்திரத்தைப் பழுது பார்ப்பான். மனைவி சமைப்பாள், துணை செய்வாள், காவல் நேரத்தில் விழித்திருப்பாள். கடல் அமைதியாக உள்ளவரை இப்பங்கீட்டில் குற்றம் தோன்றாது.

கணவன் கடலில் விழுந்தால்?

இது கற்பனை வினாவன்று. இவ்வகைப் பயணியர் அஞ்சும் முதல் இடர் இதுதான். ஆறு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் விரைவில், செல்லும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் விலகிவிடும். மிதிவண்டியின் வேகந்தான், ஆனால் அலைகளுக்கிடையே அவ்வளவு தொலைவில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது. படகில் எஞ்சிய ஒருத்தி அந்த நிமிடத்துக்குள் செய்ய வேண்டியவை பல. குரல் எழுப்ப வேண்டும், மிதவையை எறிய வேண்டும், ஜி.பி.எஸ். கருவியில் விழுந்த இடத்தைப் பதிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்கலாகாது. அதே வேளையில் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பெரிய குழுவில் ஒருவர் கைநீட்டிச் சுட்டிக்கொண்டே நிற்க, பிறர் படகைத் திருப்புவர். இருவர் மட்டுமே உள்ள படகில் சுட்டுபவரும் திருப்புபவரும் ஒருவரே. படகைத் திருப்பிக் கொண்டுவந்த பின்னும் முடிவதில்லை. நனைந்த ஆடையோடு, குளிரில் விறைத்த எண்பது கிலோ உடலைப் படகின் பக்கவாட்டில் தூக்கி ஏற்ற ஐம்பது கிலோ பெண்ணால் இயலுமா? வெறுங்கையால் இயலாது. பாய்க்கயிற்றையும் கப்பிகளையும் கொண்டு தூக்கும் முறை தெரிந்தால் இயலும். நம் கிணற்றடிக் கப்பியை ஒன்றுக்கு மூன்றாகப் பெருக்கியதுதான் அது. ஆனால் இரவில், புயலில், அழுதுகொண்டே அதைக் கண்டுபிடிக்க முடியாது. துறையில் வெயில் காயும் ஒரு நண்பகலில், கணவனையே நீரில் இறக்கி, பத்துமுறை தூக்கிப் பழகியிருக்க வேண்டும்.

ஆகவே அறிந்தோர் முதலில் கற்பிப்பது விழாமல் இருப்பதையே. படகின் முன்முனையிலிருந்து பின்முனை வரை தளத்தின்மேல் வலுவான பட்டைக்கயிறு ஓடும். மார்பில் கட்டிய வாரை ஒரு கொக்கியால் அதில் பிணைத்துக்கொண்டே நகர வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை அலமாரியில் வைக்காமல் உடம்பில் அணிய வேண்டும். காற்று வலுக்குமுன்னரே பாயைக் குறைக்க வேண்டும். குறைக்கலாமா என்ற எண்ணம் தோன்றும் நேரமே குறைக்கும் நேரம் என்பார்கள். புயலில் படகைக் காற்றோடு போராட விடாமல், பாயையும் சுக்கானையும் எதிரெதிராக அமைத்து ஏறத்தாழ நின்ற நிலையில் மிதக்கவிடும் உத்தியும் உண்டு. லின் பார்டி, லாரி பார்டி என்னும் தம்பதியர் இயந்திரமே இல்லாத சிறு மரப்படகுகளில் பல்லாண்டுகள் உலகைச் சுற்றியவர்கள். இந்த உத்தியை விளக்கவே ஒரு நூல் எழுதினர்.

படகைக் கைவிடுவதிலும் கற்க வேண்டியது உண்டு. 1979 ஆகஸ்டில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. புயலில் பந்தய மாலுமிகள் 15 பேர் இறந்தனர். 24 படகுகளை அவற்றில் இருந்தோர் கைவிட்டு வெளியேறினர். அந்த 24-இல் மூழ்கியவை ஐந்தே, எஞ்சியவை மிதந்துகொண்டிருந்தன. உயிர்த்தெப்பத்துக்கு மேல்நோக்கி ஏறும் நிலை வரும்வரை படகை விடாதே என்னும் பாடம் இதனால் வலுப்பெற்றது. அஞ்சி ஓடுவதும் துணிந்து பாய்வதும் அங்கு ஒரே பிழையின் இரு முகங்கள். நம் சொற்பொழிவாளர் வியந்த துணிச்சலுக்கு இப்பாடத்தில் இடமே இல்லை.

மாரிஸ் பெய்லி, மாரலின் பெய்லி என்னும் ஆங்கிலத் தம்பதியரின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. 1972-இல் 'ஆரலின்' என்னும் 31 அடிப் படகில் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்து நோக்கிப் புறப்பட்டனர். வெளியுலகத் தலையீடு வேண்டாம் என்று மாரிஸ் வானொலி அனுப்பி எதையும் படகில் வைக்கவில்லை. (தனிமையின் தூய்மை குறித்து உரையாற்றும் நம் கவிஞர்கள் கவனிக்க.) 1973 மார்ச் 4 அன்று பசிபிக் கடலில் ஒரு திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கியது. உயிர்த்தெப்பம் ஒன்றும் சிறு ரப்பர் படகு ஒன்றும் மட்டுமே எஞ்சின. அவற்றைப் பிணைத்துக்கொண்டு 117 நாள்கள் மிதந்தனர். கப்பல்கள் தொலைவில் தோன்றித் தோன்றி மறைந்தன. அபாய ஒளிக்குழல்கள் தீர்ந்தன. சில எரியவே இல்லை. மாரலினுக்கு நீந்தத் தெரியாது. ஆனால் ஊக்கை, அதாவது புடைவைக்குக் குத்தும் சேஃப்டி பின்னை, வளைத்துத் தூண்டில் செய்தவர் அவர். தாள்களை வெட்டிச் சீட்டுக்கட்டு செய்தவர் அவர். சோர்ந்துகிடந்த கணவனை நாள்தோறும் ஒரு வேலையில் ஈடுபடுத்தியவரும் அவரே. ஜூன் 30 அன்று ஒரு கொரிய மீன்பிடிக் கப்பல் அவர்களை மீட்டது. கலத்தின் தலைவன் என்று கருதப்பட்டவன் மனம் தளர்ந்தபோது மனைவியின் திறம் இருவரையும் காத்தது. அத்திறத்தோடு ஒரு வானொலிக் கருவியும் இருந்திருந்தால் 117 நாள் எதற்கு என்பதையும் சேர்த்தே நாம் கேட்கிறோம்.

தாரிணியில் இருவரே இருந்தனர். ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருந்தார். மணிக்கு 50 கடல்மைல் வேகக் காற்றையும் தென்கடலின் குளிரையும் எதிர்கொண்ட இரவுகளில், விழித்திருப்பவர் தனி ஒருவராகவே படகின் முழுப் பொறுப்பையும் ஏற்றார். உறங்குபவர் தம் உயிரை மற்றவரின் திறத்தில் ஒப்படைத்து உறங்கினார். அவ்வாறு ஒப்படைக்கத்தக்க திறத்தை இருவரும் முழுமையாகப் பெற்றிருந்தனர் என்பதே அப்பயணத்தின் சிறப்பு. நம் இல்லறத்தில் இது எத்தனை வீடுகளில் உண்டு? காரை ஓட்டத் தெரிந்தவர் ஒருவர். வங்கிக் கணக்கை அறிந்தவர் ஒருவர். சமையல் எரிவாயுக் கலனின் திருகை மூடத் தெரிந்தவர் மற்றொருவர். மாரடைப்பு வந்தவர் காரோட்டத் தெரிந்தவராகவே இருந்துவிட்டால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். கடலில் பக்கத்து வீடு இல்லை, அவ்வளவே வேறுபாடு.

*

கரை காப்புடையது என்ற நம் நெய்தல் நம்பிக்கைக்கு 2004 டிசம்பர் 26 விடை சொன்னது. ஆழிப்பேரலையில் இறந்தோரை ஆண் பெண் எனப் பிரித்துப் பார்த்த ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391, ஆண்கள் 146. ஆழ்கடலில் படகோடு இருந்த ஆண்களின் அடியில் அலை வெறும் மேடாகக் கடந்து சென்றது. கரையில் மீனுக்காகக் காத்திருந்த பெண்கள்மேல் அது சுவராக வந்து விழுந்தது. பிள்ளைகளைத் தேடி ஓடியவர்கள், புடைவை காலில் சுற்ற வீழ்ந்தவர்கள், நீந்தவோ மரமேறவோ ஒருபோதும் கற்பிக்கப்படாதவர்கள் மாண்டனர். கடற்கரையில் பிறந்து, கடலால் வாழ்ந்து, நீந்தத் தெரியாமல் இறந்தனர். ஆதிரையைக் காக்க வந்த வானக்குரல் அன்று வரவில்லை. இரங்கல் என்னும் உரிப்பொருளை நாம் வகுப்பில் மீண்டும் விளக்கப் புகும்போது இவ்வெண்களையும் கரும்பலகையில் எழுத வேண்டாமா?

இதனால் ஆண்கள் காப்புடையவர் என்று பொருளன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் நம் மீனவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. கரையோடு பேசும் கருவி அவர்களிடம் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது மறைந்தனர். அடுத்த ஆண்டே, 2018 செப்டம்பர் 21 அன்று, மேற்சொன்ன அபிலாஷ் டோமி தனியொருவராகப் படகோட்டும் உலகப் பந்தயத்தில் தென் இந்தியப் பெருங்கடலின் நடுவில் புயலில் சிக்கினார். படகு கவிழ்ந்து எழுந்தது, பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். ஆனால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி அவரிடம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 1,900 கடல்மைல் தொலைவில் கிடந்தவரை, வானூர்திகள் தேடிக் காண, மூன்றாம் நாள் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. உலகின் மிகத் தனித்த கடலில் ஒருவனைக் காக்க முடிந்தது. கரைக்கு அண்மையில் பலரைக் காக்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றவை கருவியும் பயிற்சியும் அவற்றைத் தர அரசுக்கு இருக்க வேண்டிய அக்கறையும்.

கலமுடைந்தோரைக் காக்க மணிமேகலா தெய்வம் கடலில் உறைவதாக நம் காப்பியம் சொல்கிறது. இன்று அத்தெய்வம் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. படகு மூழ்கும்போது அபாயக் குறிகாட்டி அனுப்பும் அலையைச் செயற்கைக்கோள்கள் வாங்கித் தரை நிலையங்களுக்குத் தருகின்றன. நம் நாட்டில் பெங்களூரில் இஸ்ரோவின் நிலையம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் தெய்வத்தை அழைக்கவும் கருவியைப் பதிவு செய்து, மின்கலத்தின் காலாவதி நாள் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்த இனம் நாம் என்று மார்தட்டுவோர் உளர். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலேயர் 1697-இல் அச்சொல்லைத் தம் நூலில் பதிந்தது உண்மை. சொல்லைக் கொடுத்தோம், அக்கட்டுமரத்தைக் கட்டியவனை நம் பல்கலைக்கழகங்கள் எதிலாவது ஆசிரியனாக அமர்த்தினோமா? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைத்தவன் அவன். நாம் அப்பெயர்களை அருஞ்சொற்பொருளாக மனப்பாடம் செய்தோம்.

*

"திருத்தணியில் கடல் ஏது? மலையூர்க்காரர் கடலைப் பற்றி எழுதுவானேன்?" என்று நண்பர்கள் சிரிப்பது நமக்குக் கேட்கிறது. மலையுச்சியில் நின்றாலும் கடல் தெரியாது. ஒருபுறம் ஆந்திரத்துக் குன்றுகளும் மறுபுறம் வயல்களும் தெரியும். ஆனால் இவ்வூரின் கதையே கடலோரத்தில் தொடங்குகிறது. செந்தூர்க் கடற்கரையில் சூரனை அழித்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால் தணிகை. அதனாலேயே மற்ற முருகன் தலங்களில் நிகழும் சூரசம்ஹாரம் இங்கு நிகழ்வதில்லை. அந்நாளில் மலர் வழிபாடு நடைபெறும். வள்ளியை மணந்து அமர்ந்த இடமும் இதுவே என்பர். வள்ளியைப் பற்றி ஒரு சொல், முருகனடியார் பொறுத்தருள்க. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் வீசிப் புள்ளோட்டத் தெரிந்த பெண் அவள். அவளை மணக்க முருகன் கையாண்ட உத்தி, அண்ணனை யானையாக வரவழைத்து அச்சுறுத்தி, ஓடிவந்து தன்னைப் பற்றிக்கொள்ளச் செய்தது. கவண் எறியத் தெரிந்தவளின் அச்சத்தைக் கொண்டாடுகிறோம். கவணைப் பற்றி ஒரு சொற்பொழிவையும் நாம் கேட்டதில்லை.

மலையூரில் நீர் இல்லை என்பதும் உண்மையன்று. மலையடிவாரத்தில் சரவணப்பொய்கை இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு இலட்சக்கணக்கான அடியார்கள் மலர்க்காவடி சுமந்து வருகின்றனர். மூன்று நாள் தெப்பத் திருவிழா நடக்கிறது. நந்தியாறு உண்டு, ஏரிகள் உண்டு, ஊரைச் சுற்றிக் கைப்பிடிச் சுவரில்லாத பாசனக் கிணறுகள் உண்டு. இந்தியாவில் நீரில் மூழ்கி இறப்போர் ஆண்டுக்கு 30,000-க்கு மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. அவர்களுள் பாய்மரப் படகில் உலகம் சுற்றப் போனவர் எவரும் இலர். குளிக்கப் போனவர்கள், துணி துவைக்கப் போனவர்கள், விழுந்தவரைத் தூக்கக் குதித்தவர்கள்.

கடைசி வகையினர்தாம் நம்மை மிகவும் வருத்துகின்றனர். ஒருவர் மூழ்க, அவரைக் காக்கக் குதித்தவரும் மூழ்கினார் என்னும் செய்தி நாளேடுகளில் எத்தனை முறை வருகிறது! கணவன் மனைவி, தாய் மகள், அக்காள் தங்கை என்று இணையிணையாகச் சாகின்றனர். அதை நாம் பாசம் என்று எழுதுகிறோம். படகுப் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தருவது: நீரில் இறங்காதே, எட்டக்கூடியதை நீட்டு, மிதக்கக்கூடியதை எறி. நீட்டப் புடைவை போதும்; எறியக் காலிக்குடம் போதும். குடம் மிதக்கும் என்பதை அறியாத தமிழ்ப்பெண் உண்டா? ஆயினும் அக்கணத்தில் அது நினைவுக்கு வருவதில்லை, பழக்கமின்மையால்.

இளங்கலை வகுப்பொன்றில், நீந்தத் தெரிந்தவர் கைதூக்குக என்று கேட்டோம். மாணவரில் பலர் தூக்கினர். மாணவியரில் ஒருத்தி மட்டும் தயங்கித் தூக்கினாள். சிறுமியாக இருந்தபோது முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தந்தையே கிணற்றில் இறக்கிக் கற்பித்தாராம். "பெரியவளானதும் வேண்டாம்னுட்டாங்க ஐயா" என்றாள். அவளுடைய தம்பி இன்றும் நீந்துகிறான். நம் மண்ணில் நீச்சல் கற்பிக்கும் முறை இல்லாமலில்லை; சுரைக்குடுக்கையே நம் லைஃப் ஜாக்கெட். பெண் பூப்பெய்திய நாளில் அதை அவிழ்த்துவிடுகிறோம். உடை நெகிழும், ஊர் பேசும் என்பர். உடை பற்றிய கவலை நியாயமாயின் உடையை மாற்றுவோம். சுடிதாரில் நீந்தக் கற்கலாம், பெண் பயிற்றுநரை அமர்த்தலாம், பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கலாம். ஊர் பேசும் என்பதற்கு நம்மிடம் விடை இல்லை. கடலூர்க் கணக்கு இருக்கிறது.

தமிழ்த்துறைக்கு இது பணியா என்று உடன் பணிபுரிவோர் சிலர் கேட்டனர். உடற்கல்வித் துறை பார்த்துக்கொள்ளட்டும் என்றனர். நெய்தலை உடற்கல்வித் துறையா நடத்துகிறது? கடலைப் பெண்ணுக்கு விலக்கிய விளக்கத்தை எழுதியது நம் துறை. அதைத் திருத்துவதும் நம் துறையின் கடன். வரும் பருவத்தில் அகத்திணையியல் நடத்தும்போது நான்கு முழக் கயிறு ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் செல்வதாக இருக்கிறோம். போலைன் என்று மாலுமிகள் சொல்லும் முடிச்சு அதில் போடப்படும். இழுத்தால் இறுகி உடலை நெரிக்காத, நனைந்தாலும் அவிழ்க்கக்கூடிய கண்ணி அது. நீரில் கிடப்பவர் தம் இடுப்பைச் சுற்றித் தாமே ஒரு கையால் போட்டுக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டியபின்னரே நூற்பா. மாணவியர் முதலில்.